நியூட்ரலில் வந்தவனை என் கையில் கொடுத்தார்

ஒரு மனிதன் நாசமாய்ப் போக வேண்டும் என்று, அவன் பெயரைச் சொல்லி, மூன்று வருடம் தினமும் ஜெபம் செய்தவள் நான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் "இவளா சாட்சி சொல்ல வந்தாள்" என்று முகம் சுளிக்க வேண்டாம். ஆண்டவருக்கு அது தெரியும். தெரிந்துதான் பதில் கொடுத்தார்.

என் பெயர் சாந்தி. பெயரில் மட்டும்தான் சாந்தி என்று என் நாத்தனார் சொல்லுவாள், உண்மைதான். எங்கள் வீடு அதியமான்கோட்டைக்குப் பக்கம். என் வீட்டுக்காரர் தேவராஜ் லாரி டிரைவர். பாலக்கோடு மண்டியில் தக்காளி ஏற்றி, சேலம் வழியாகக் கேரளா வரைக்கும் போவார். தூரம் அதிகம் என்பதால் வண்டியில் இரண்டு டிரைவர்கள். ஒருவர் ஓட்டும்போது இன்னொருவர் பின்சீட்டில் தூங்குவார். அந்த இன்னொருவன்தான் மாதேஷ். என் கையால் எத்தனையோ வேளை சோறு தின்றவன். என்னை அண்ணி என்றுதான் கூப்பிடுவான்.

நான்கு வருடத்துக்கு முன்னால், தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், தொப்பூர் கணவாய் இறக்கத்தில் அந்த லாரி கவிழ்ந்தது. மாதேஷ் கையில் கட்டோடு தப்பித்தான். என் வீட்டுக்காரர் போய்விட்டார்.

தொப்பூர் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தருமபுரியிலிருந்து சேலம் போகும்போது வரும் நீண்ட இறக்கம் அது. பாரம் ஏற்றிய லாரியைக் கியரில் வைத்துத்தான் இறக்க வேண்டும். அப்போதுதான் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். ஆனால் டீசல் மிச்சமாகும் என்று சில டிரைவர்கள் கியரை எடுத்துவிட்டு நியூட்ரலில் உருட்டுவார்கள். வண்டி தன் இஷ்டத்துக்கு ஓடும். பிரேக்கை மிதித்து மிதித்து அது சூடேறிச் செத்துப்போகும். அதற்குப் பிறகு கியர் போடலாம் என்றால் அந்த வேகத்தில் விழாது. போலீஸ் போர்டு வைத்திருக்கிறார்கள், மைக்கில் சொல்கிறார்கள். கேட்கிறவன் கேட்கிறான், மற்றவன் கவிழ்கிறான்.

மாதேஷ் போலீஸில் சொன்னது இதுதான்: "தேவராஜண்ணன்தாங்க ஓட்டுனாரு. நியூட்ரல்ல வுட்டாரு. நான் பின்னால தூங்கிட்டு இருந்தேன்."

நான் அதை ஒரு நிமிடம்கூட நம்பவில்லை. என் வீட்டுக்காரர் எங்கள் கல்யாணத்திலிருந்து ஒரு வார்த்தையைச் சொல்லிச் சொல்லியே என் காதைத் தேய்த்தவர். "எந்தக் கியர்ல ஏறுவமோ அந்தக் கியர்லதான் எறங்கணும் சாந்தி." எனக்குக் குட்டி யானை என்கிற சின்ன லோடு வண்டியை ஓட்டக் கற்றுக்கொடுத்தபோது இதைத்தான் முதலில் சொன்னார். அது மட்டுமல்ல. ஆஸ்பத்திரியில் உடம்பைக் கொடுத்தபோது, நான் துவைத்து மடித்துக் கொடுத்த பச்சைப் போர்வை அவர் இடுப்பைச் சுற்றி முறுக்கிக் கிடந்தது. போர்வை சுற்றிக்கொண்டு யார் லாரி ஓட்டுவார்கள்? கேட்டதற்கு, "நான்தாங்க அண்ணி போத்துனேன்" என்றான் மாதேஷ். செத்தவரைப் போர்த்துகிறவன் மேலே போர்த்துவானா, இடுப்பில் முறுக்குவானா?

யாரும் நான் சொன்னதைக் கேட்கவில்லை. உயிரோடு இருக்கிறவன் வாய்தான் சபையில் ஏறும். ஊரில் என் வீட்டுக்காரருக்குப் பெயர் "நியூட்ரல் தேவராஜ்" என்று ஆனது. என் மகள் ஜெனிபர் அப்போது ஆறாவது படித்தாள். பள்ளிக்கூடத்தில் அவளை "நியூட்ரல் பொண்ணு" என்று கூப்பிட்டார்கள். அவள் என்னிடம் சொல்லவில்லை. ஒருநாள் நோட்டின் பின்னட்டையில் யாரோ எழுதியிருந்ததை அவள் எச்சில் தொட்டு அழித்துக்கொண்டிருந்தபோது நான் பார்த்தேன். அன்றைக்குத்தான் என் ஜெபம் மாறியது.

அதற்கு முன்னால் "ஆண்டவரே, எங்களைக் காப்பாற்றும்" என்று ஜெபித்தவள், அன்றிலிருந்து "மாதேஷை என் கையில் கொடும்" என்று கேட்டேன். அவன் கை முடங்க வேண்டும். அவன் வாய் புழுத்துப்போக வேண்டும். அவன் ஓட்டுகிற வண்டி நடுரோட்டில் நிற்க வேண்டும். அவனுக்கு ஓனர் புது லாரி கொடுத்தார் என்று தெரிந்ததும், அந்த லாரியின் நம்பரைக் கேட்டு வாங்கி, நம்பரைச் சொல்லியும் ஜெபித்தேன். ஆண்டவர் வண்டி மாற்றிப் பிடித்துவிடக் கூடாது இல்லையா.

பாஸ்டரிடம் மறைக்கவில்லை. அவர் பயந்துபோய், "அம்மா, மன்னிக்கிறதுக்குப் பெலன் கேளுங்கம்மா" என்றார். "அது உங்களுக்கு வேணும்னா கேளுங்க ஐயா, எனக்கு இதுதான் வேணும்" என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னிடம் ஜெபக்குறிப்பு கேட்பதை விட்டுவிட்டார்.

பிழைப்புக்குக் குட்டி யானையில் தக்காளிக் கூடைகளை மண்டிக்கு அடித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் பைபாஸ் டீக்கடையில் மாதேஷ் நான்கைந்து டிரைவர்களோடு உட்கார்ந்திருந்தான். நான் நேராகப் போய் நின்றேன்.

"அன்னிக்கு யாரு ஓட்டுனது? இவுங்க முன்னால சொல்லு."

அவன் டீயை வைத்தான். முகத்தில் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பைத்தான் நான் இன்றுவரை மறக்கவில்லை.

"அண்ணி, குட்டி யானை ஓட்டறவுங்களுக்கு அதெல்லாம் வெளங்காதுங்க. பெரிய வண்டில ஏறி ஒரே ஒரு கியர் மாத்திக் காட்டுங்க. அப்புறமா வந்து என்னைக் கேளுங்க."

எல்லாரும் சிரித்தார்கள். நான் அழவில்லை. வீட்டுக்குக்கூடப் போகவில்லை. அப்படியே தருமபுரிக்கு வண்டியை விட்டு, கனரக வாகனம் கற்றுக்கொடுக்கிற டிரைவிங் ஸ்கூலில் பெயர் எழுதிவிட்டு வந்தேன்.

அங்கே கற்றுக்கொடுத்தது பெருமாள் என்ற பையன். பையன் என்றால் என்னைவிட எட்டு ஒன்பது வயது சின்னவன், கல்யாணமானவன். வண்டி பழைய லாரி. அதன் கியர் இன்றைய கார் மாதிரி தள்ளினதும் விழாது. கிளட்ச்சை அமுக்கி நியூட்ரலுக்குக் கொண்டுவர வேண்டும். கிளட்ச்சை விட வேண்டும். கீழ் கியருக்குப் போவதென்றால் அந்த நேரத்தில் ஒரு மிதி ஆக்சிலேட்டர் கொடுத்து எஞ்சின் சத்தத்தை ஏற்ற வேண்டும். மறுபடி கிளட்ச், அப்புறம்தான் கியர். சத்தம் சரியாக இருந்தால் தானாக உள்ளே போகும். இல்லாவிட்டால் "கர்ர்ர்" என்று வண்டியே நம்மைத் திட்டும்.

என்னை அது நாற்பது நாள் திட்டியது. நான் கியர் ராடைப் பிடிக்கும்போதெல்லாம் எனக்கு மாதேஷின் சிரிப்புதான் தெரியும். ராடை அப்படியே அடித்துத் தள்ளுவேன். கர்ர்ர். கை அதிர்ந்து தோள்பட்டை வரைக்கும் வலிக்கும். மைதானத்தில் நடக்கிறவர்கள் நின்று பார்ப்பார்கள்.

பெருமாள் ஒருநாள் பொறுக்க முடியாமல் சொன்னான். "அக்கா, கோவிச்சுக்காதீங்க. யாரையோ குத்தற மாதிரி போடறீங்க. அதுக்கு வலிச்சா அது வாயத் தொறக்காதுங்க. ரெண்டு வெரலு போதும். காதை மட்டும் குடுங்க."

எனக்குக் கோபம் வந்தது. "உன் புருஷன் பேரை எவனாவது கெடுத்தானா, நீ ரெண்டு விரல்ல போட" என்று கத்தினேன். அவனுக்கு ஏது புருஷன். அவன் சிரிக்காமல் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டான், நல்ல பிள்ளை.

வீட்டில் சமையல்கட்டுத் தரையில் பருப்பு மத்தை ஊன்றிக்கொண்டு உட்காருவேன். அதுதான் கியர் ராடு. கிளட்ச்சுக்கு ஒரு செங்கல், ஆக்சிலேட்டருக்கு ஒரு செங்கல். ஜெனிபர்தான் எஞ்சின். வாயால் சத்தம் போடுவாள். நான் காலால் அமுக்கும்போது அவள் சத்தத்தை ஏற்றுவாள், சரியான இடம் வந்ததும் "இப்பம்மா" என்பாள். அப்பா வண்டியில் எத்தனையோ தடவை உட்கார்ந்து போனவள், அந்தச் சத்தம் அவளுக்கு மனப்பாடம். முதல்முறை நான் தப்பில்லாமல் ஐந்திலிருந்து மூன்று வரைக்கும் இறங்கியபோது, அவள் அப்பா சொல்லுகிற மாதிரியே "ம்ம், பரவால்ல" என்றாள். நான் மத்தைக் கீழே வைக்காமல் மறுபடி ஐந்திலிருந்து ஆரம்பித்தேன்.

லைசென்ஸ் வாங்கினேன். மண்டியில் எனக்குத் தெரிந்த ஒரு வியாபாரி, டிரைவர் கிடைக்காத ஆத்திரத்தில், "ஓட்டித்தான் பாரும்மா" என்று தன் லாரியைக் கொடுத்தார். பாலக்கோட்டிலிருந்து சேலத்துக்குத் தக்காளி. வாரத்தில் நான்கு நாள் தொப்பூர் இறங்குவேன். இறக்கம் தொடங்குகிற கட்டமேட்டில் வண்டியை ஓரங்கட்டி, பிரேக் பார்த்து, மூன்றாவது கியர் போட்டு, அவர் இறந்த வளைவைத் தாண்டும்போது மாதேஷின் பெயரைச் சொல்லி வழக்கமான ஜெபத்தைச் செய்துவிட்டுப் போவேன். சிலர் அந்த இடத்தில் தேங்காய் உடைப்பார்கள். நான் இதைச் செய்தேன்.

போன வருடம் ஆடி மாதம், ஒரு வியாழக்கிழமை, காலை பத்து மணி இருக்கும். மூன்றாவது கியரில் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தேன். எனக்கு வலது பக்கம் ஒரு பஸ் நிறைய ஜனத்தோடு இறங்கியது. பின்னாலிருந்து விடாமல் ஹாரன் சத்தம். கண்ணாடியில் பார்த்தேன். ஒரு லாரி லைட்டைப் போட்டுக்கொண்டு, சக்கரத்தில் புகையோடு உருண்டு வருகிறது. பிரேக் போய்விட்டது என்று பார்த்ததுமே தெரிந்தது. அப்புறம் நம்பரைப் பார்த்தேன்.

கண்ணாடியில் எழுத்து திரும்பித் தெரியும். எனக்கு எப்படித் தெரிந்தாலும் தெரியும். மூன்று வருடமாக நான் ஆண்டவரிடம் சொல்லிக்கொண்டிருந்த நம்பர் அது.

என் மனசில் முதலில் என்ன வந்தது என்று கேட்டால், ஸ்தோத்திரம்தான் வந்தது. கேட்டது கிடைத்துவிட்டது. நான் ஒன்றும் செய்ய வேண்டாம். இடது பக்கம் கொஞ்சம் ஒதுங்கினால் போதும். அவன் எனக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் புகுந்து, கீழே இரட்டைப் பாலத்தில் போய் அடிப்பான். அதே கணவாய், அதே நியூட்ரல். நான் ஸ்டியரிங்கை இடது பக்கம் திருப்பவும் தொடங்கிவிட்டேன். இதை நான் மறைக்க மாட்டேன்.

அப்போது எனக்கு ஒரு ஃபிளெக்ஸ் தெரிந்தது. மாதேஷின் போட்டோ போட்டு, "கண்ணீர் அஞ்சலி, சிறந்த ஓட்டுநர்" என்று ஊர் முகப்பில் கட்டியிருக்கிற ஃபிளெக்ஸ். அவன் செத்தால் அதைத்தான் வைப்பார்கள். பிரேக் ஃபெயிலியர், பாவம் என்பார்கள். அவனோடு சேர்ந்து அந்தப் பொய்யையும் புதைத்துவிடுவார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் கடைசிவரைக்கும் நியூட்ரல் தேவராஜாகவே கிடப்பார். என் மகள் நோட்டை அழித்துக்கொண்டே இருப்பாள்.

"நீ சாகக் கூடாதுடா" என்று நான் கத்தினேன். "உன் வாய் எனக்கு வேணும்."

ஸ்டியரிங்கைத் திருப்பி, அவன் வண்டியை என் வண்டியின் முதுகில் தாங்கி நிறுத்த, அவனுக்கு நேர் முன்னால் வந்தேன். மெதுவாகப் போனால் அவன் இடித்துத் தூக்கி எறிந்துவிடுவான். அவன் வேகத்துக்குக் கொஞ்சமாவது நானும் போக வேண்டும். இறக்கத்தில் செய்யக்கூடாத காரியத்தைச் செய்தேன். நான்காவது போட்டேன். ஐந்தாவது போட்டேன். வண்டி பறந்தது. பின்னால் வந்து அவன் மோதினான். கடைசி வரிசைக் கூடைகள் நசுங்குகிற சத்தம் எனக்குக் கேட்டது. அந்தத் தக்காளிதான் மெத்தையாக நின்று இரண்டு பேரையும் காப்பாற்றியது. இப்போது அவன் லாரி என் முதுகில் ஒட்டிக்கொண்டது. இரண்டு லாரிப் பாரமும் என் ஒரு கியரில்.

பிரேக்கை விட்டு விட்டு மிதித்தேன். நான்காவதுக்கு இறங்க வேண்டும். கிளட்ச்சை அமுக்கினேன், நியூட்ரலுக்கு எடுத்தேன், ராடை அடித்துத் தள்ளினேன். கர்ர்ர். விழவில்லை. மறுபடி அடித்தேன். கர்ர்ர்.

நானும் நியூட்ரலில் இருந்தேன்.

வளைவுக்குக் கீழே பாலம் தெரிந்தது. என் வாழ்க்கையில் நான் செய்த ஜெபங்களிலேயே சின்ன ஜெபம் அப்போதுதான் வந்தது. "எனக்குத் தெரியல ஆண்டவரே, நீங்க போடுங்க." கையை ராடிலிருந்து எடுத்தேன். முஷ்டி மரத்துப்போயிருந்தது, விரல்களை விரித்தேன். காலை ஆக்சிலேட்டரில் ஆழமாக வைத்தேன். சத்தம் ஏறியது. ஏறியது. ஜெனிபரின் வாய்ச் சத்தம் மாதிரியே ஏறியது. "இப்பம்மா" என்று எனக்குக் கேட்டது. இரண்டு விரலால் தொட்டேன். கியர் உள்ளே போனது.

எஞ்சின் அலறியது. வண்டி முன்னால் குனிந்து இழுத்துப் பிடித்தது. பிரேக் மிதித்தேன். வேகம் இறங்கியதும் மூன்றாவது. அதுவும் போனது. பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால், தடுப்புச் சுவரை உரசிக்கொண்டு இரண்டு லாரிகளும் நின்றன.

இறங்கினேன். ரோடு முழுக்கச் சிவப்பாக ஓடியது. பஸ்ஸை நிறுத்தி இறங்கி ஓடிவந்தவர்கள் ரத்தம் என்று தலையில் அடித்துக்கொண்டார்கள். ஒரு பெண் தொட்டுப் பார்த்துவிட்டு, "தக்காளிங்க, தக்காளி" என்றாள்.

நான் நேராக அவன் லாரியில் ஏறி, கதவைத் திறந்தேன். மாதேஷ் ஸ்டியரிங்கைக் கட்டிப் பிடித்து உட்கார்ந்திருந்தான். லுங்கி நனைந்திருந்தது. அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சாட்சி சொல்லும்போது பொய் சொல்லக்கூடாது. கியர் ராடை ஒரு விரலால் ஆட்டிப் பார்த்தேன். தொளதொளவென்று ஆடியது.

"எந்தக் கியர்ல எறங்குன?"

"அண்ணி…"

"எந்தக் கியரு?"

"நியூட்ரல்ங்க அண்ணி."

"அன்னிக்கு?"

அவன் என்னைப் பார்க்கவில்லை. கீழே பஸ் ஜனம் முழுக்க நின்றது. ரோந்து போலீஸ்காரர் ஒருவரும் வந்துவிட்டார். யாரோ செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள்.

"அன்னிக்கும் நான்தாங்க அண்ணி ஓட்டுனேன். அண்ணன் பின்னால போத்திட்டுப் படுத்திருந்தாரு. அவருக்கு ஒண்ணுமே தெரியாதுங்க."

அவன் சத்தமாக அழுதான். நான் அழவில்லை. நான் அவனிடம் மூன்று இடத்தில் இதைச் சொல்ல வேண்டும் என்றேன். போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தான். அவன் மேல் இப்போது கேஸ் நடக்கிறது, லைசென்ஸும் இல்லை. அதே டீக்கடையில், அன்று சிரித்த ஆட்கள் முன்னால் எழுந்து நின்று சொன்னான். ஒருவரும் சிரிக்கவில்லை. மூன்றாவதாக என் வீட்டுக்கு வந்தான். வாசற்படிக்கு வெளியேதான் நிற்க வைத்தேன்.

ஜெனிபர் அவனைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டாள். "எங்கப்பா தூங்கிட்டுத்தான் இருந்தாரா?"

"ஆமா பாப்பா."

"அப்ப பயந்திருக்க மாட்டாரு" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

நான் மூன்று வருடம் அவன் பெயர் கெட வேண்டும், என் வீட்டுக்காரர் பெயர் நிமிர வேண்டும் என்று மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தேன். என் பிள்ளை இத்தனை நாளும் அப்பா கடைசி நேரத்தில் பயந்திருப்பாரோ என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். நான் அவளை ஒருநாளும் கேட்கவில்லை. அன்றைக்குத்தான் நான் அழுதேன்.

பாஸ்டர் இந்தக் கதையை நான் மாதேஷை மன்னித்த கதையாகப் பல இடங்களில் சொல்கிறார். நான் மன்னிக்கவில்லை. நான் அவனைக் காப்பாற்றியது இரக்கத்தால் அல்ல, பழி தீர்க்கத்தான். நான் கேட்ட மாதிரியே அவனை ஆண்டவர் என் கையில் கொடுத்தார். ஆனால் கொடுத்தபோது, அந்தக் கையை நான் விரிக்க வேண்டியிருந்தது. இதற்கு என்ன அர்த்தம் என்று என்னைவிடப் படித்தவர்கள் சொல்லட்டும்.

இப்போதும் தினமும் ஜெபம் செய்கிறேன். மூன்று வருடப் பழக்கம், முழங்கால் போட்டதும் மாதேஷின் பெயர் தானாக வாயில் வந்துவிடுகிறது. முன்பு அதற்குப் பின்னால் ஒரு பட்டியலே இருக்கும். இப்போது என்ன கேட்பது என்று தெரியவில்லை. நாசமாய்ப் போ என்று சொல்ல வரவில்லை. நல்லா இரு என்று சொல்ல வாய் கூசுகிறது. பெயரை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன். மிச்சத்தை ஆண்டவர் போட்டுக்கொள்ளட்டும்.

உங்களில் யாருக்காவது நெஞ்சில் ஒருவன் பெயர் நெருப்பாக இருந்தால், அது அணைந்த பிறகு ஜெபிக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். அப்படியே வாருங்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டுதான் போனேன், அவர் என்னைத் துரத்தவில்லை. நாளைக்குக் காலையில் எனக்கு சேலம் லோடு இருக்கிறது. கட்டமேட்டில் நிறுத்தி, பிரேக் பார்த்து, மூன்றாவது கியரில் இறங்குவேன்.